கேட்டதற்கு மட்டும் பதில்

ஆதி,

உன் ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் முன் நின்று நீ காப்பாற்றப்போகும் நாளுக்கான அறிவிப்பு வந்து சேர்ந்தது. டிஃபென்ஸ் என்று அதற்குப் பெயராம். அப்பா அதைக் கலரில் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். கோட்டும் டையுமாக நீ சிரிக்கிறாய். புகலிடம் கேட்டு இந்த நாட்டுக்கு வருகிறவர்களை விசாரிக்கும்போது மொழியால் அவர்களுக்கு நியாயம் எங்கே கிடைக்கிறது, எங்கே தவறிப்போகிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி என்று உன் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நீளமாக எழுதியிருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நியாயம் என்ற அந்தச் சொல் என் மூக்குக்கு நேரே நிற்கிறது. கொஞ்ச நாளாக எந்தப் பாலைக் காய்ச்சினாலும் எனக்குத் திரிந்த வாசனைதான் வருகிறது.

இதைத் தமிழில்தான் எழுதுவேன். நீ தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாய், பதிலை இங்கிலீஷில் சொல்வாய், படிப்பதென்றால் விரலை வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்துவாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்காவது பலன் இருக்கட்டும். கஷ்டப்பட்டுப் படி. முடியாவிட்டால் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள். ஆனால் ஆளைப் பார்த்து வை. நடுவில் நிற்பவர்கள் எதை எதை விழுங்குவார்கள் என்று புத்தகமே எழுதியிருக்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். ரிச்சர்ட்சனிலிருந்து உன் சித்தி போன் பண்ணி, "ஏக்கா, வீட்டு விஷயத்தைப் போய் ஊரெல்லாம் படிக்கற மாதிரிப் போடலாமா?" என்று கேட்டாள். வீட்டு விஷயமாக இருந்தால் போடமாட்டேன். ஹூஸ்டனுக்கு வடக்கே, ஃப்ரீவேயை விட்டு இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் தடுப்பு மையத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயரை இங்கே தவசீலன் என்று எழுதுகிறேன். அது அவன் பெயர் இல்லை. உன் நான்காவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒற்றை ஆங்கில எழுத்துதான் கொடுத்திருக்கிறாய். நான் ஒரு முழுப் பெயராவது கொடுத்தேன்.

உன் அப்பாவைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுக்காரர், பைப்லைன் கம்பெனியில் எஞ்சினியர். ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் இருக்கும் கேட்டி என்ற ஊரில் அவருக்கு விசா அங்கிள் என்று இன்னொரு பெயர் உண்டு. ஊருக்குப் போய் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் பண்ண வேண்டிய பையன்கள், மகள் பிரசவத்துக்கு வரப்போகும் மாமியார்கள், எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். வர முடியாதவர்களுக்கு வீடியோவில் பாடம் நடக்கும். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அப்பா அதிகாரியாக உட்கார்ந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார். எதிர்ப் பக்கம் வியர்த்துக்கொண்டு ஒரு ஜீவன். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வரிக்கு மேல் போகாதே. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று சொந்தக்காரர்களைப் பற்றி வாயே திறக்காதே. அழாதே. பேப்பரைக் கேட்டால் மட்டும் நீட்டு. தன்னிடம் பாடம் கேட்டுப் போன யாருக்கும் விசா மறுக்கப்பட்டதில்லை என்று அப்பா சொல்லிக்கொள்வார். மறுக்கப்பட்டவர்கள் திரும்ப வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் மாணவி நான்தான். கல்யாணமான கையோடு உன் அப்பா இங்கே வந்துவிட, நான் சென்னைத் தூதரகத்து வரிசையில் நின்றேன். முந்தின நாள் போனில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தார். அமெரிக்காவில் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். கெமிஸ்ட்ரியில் மேலே படிக்க வேண்டும், லேபில் வேலை பார்க்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "கணவரோடு இருப்பேன்" என்றேன். விசா கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இன்றுவரை வாழ்ந்துகொண்டிருக்கிறேன். டேகேரில் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறேன். இதை உன்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கேட்டதே இல்லை. நம் வீட்டில் கேட்காததை யாரும் சொல்வதில்லை. அந்த வியாதி உனக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், உன் பரிதாபத்துக்காக இல்லை.

தவசீலன் நம் வாழ்க்கைக்குள் வந்தது கோயில் சமையலறை வழியாக. அன்னதானத்துக்குக் காய் நறுக்க வருவான். இலங்கையில் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், உன்னைவிடச் சில வயது மூத்தவன். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். வாய்தான் கொஞ்சம் முந்தும். கத்திரிக்காய் விலையில் தொடங்கி, அவர்கள் ஊர் பஸ் டிரைவருக்கு இரண்டு குடும்பம் இருந்ததில் போய் முடிப்பான். நான் பெருமையாக வைத்த சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "அம்மா, குறை நினைக்காதேங்கோ, உங்கட சாம்பாருக்கு உறைப்புக் காணாது" என்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தலைமுடியை அவ்வளவு சிரத்தையாகச் சீவிக்கொள்கிற ஆம்பளையையும் நான் பார்த்ததில்லை. அவன் ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நல்லவனாக இருந்தால்தான் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள்.

புகலிடம் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிறான் என்று தெரிந்ததும், என் மகன் இதைத்தான் ஆராய்ச்சி பண்ணுகிறான், நியூ ஜெர்சியில் பெரிய யுனிவர்சிட்டியில் இருக்கிறான், கோடை லீவுக்கு வருவான் என்று பீற்றிக்கொண்டு உன் நம்பரைக் கொடுத்தவள் நான். நீ வந்தாய். நம் வீட்டுப் பின்பக்கத்து பேட்டியோத் தாழ்வாரத்தில், ஃபேனுக்குக் கீழே, அந்த ஜூன் மாத வெயிலில் அவனை உட்கார வைத்து நாள் கணக்கில் பேசவைத்தாய். மேசையில் உன் ரெக்கார்டர். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஏசியில் நான். சத்தம் கேட்காது, அவன் கைகள் ஆடுவது மட்டும் தெரியும். ஒருநாள் மோர் கொண்டு வந்தேன். அவன் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டான். நீ கையைக் காட்டி என்னைப் போகச் சொன்னாய். மகன் எவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறான் என்று நான் பூரித்துப்போய் உள்ளே வந்தேன். அவன் உன்னிடம் சொன்னது என்ன என்பதை நான் பிறகு கோர்ட்டில்தான் கேட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒருமுறை ஆர்மிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் அடித்து, அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விட்டிருக்கிறார்கள். இரண்டாவது முறை சாதாரண உடுப்பில் ஆட்கள் வாசலுக்கு வந்தபோது இவன் பின்வேலியைத் தாண்டி ஓடிவிட்டான். உள்ளே இவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த தம்பியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிரோஜன் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பையன் திரும்பவில்லை.

இன்டர்வியூவுக்கு மொழிபெயர்ப்பவரை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். அப்பா விடுவாரா? நான் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். போவதற்கு முன் வழக்கம்போல மேசையில் பாடம் நடந்தது. நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ சமையல் மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாய். ஏன் உன் நாட்டை விட்டு வந்தாய் என்று அப்பா கேட்டார். அவன் மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினான். அப்பா மேசையைத் தட்டினார்.

"கதை வேண்டாம்ப்பா. ஆபீசருக்கு டைம் இல்ல. ஆர்மி பிடிச்சாங்க, அடிச்சாங்க, விட்டாங்க, மறுபடியும் தேடி வந்தாங்க, ஓடி வந்துட்டேன். முடிஞ்சுது."

"அங்கிள், என்ர தம்பி..."

"தம்பி கிம்பியெல்லாம் எடுக்கவே கூடாது. ஃபேமிலி மேட்டர் பேசினா நூறு கேள்வி வரும். உன்னைப் பத்தி மட்டும் சொல்லு."

"அவன்ர கதை இல்லாமல் என்ர கதையை என்னெண்டு அங்கிள் சொல்லுறது?"

அப்பா சிரித்தார். எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்கிற சிரிப்பு. தவசீலன் உன் பக்கம் திரும்பினான். "ஆதி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் படிச்சனீங்கள். தம்பியைப் பற்றிக் கதைக்கலாமோ, கூடாதோ?" நீ தலையை நிமிர்த்திப் பார்த்தாய். வீட்டில் அதிசயமாகத் தமிழில் பேசினாய். "நான் எதுவும் சொல்லக்கூடாது, அண்ணா. நான் சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்." சொல்லிவிட்டுத் திரும்பவும் டைப் அடித்தாய். பெற்றவரின் பேச்சுக்குக் குறுக்கே போகாத பிள்ளை என்று எனக்கு அப்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புகலிட இன்டர்வியூ விசா இன்டர்வியூவுக்கு நேர் எதிர் என்பது எங்களுக்குத் தெரியாது. விசா அதிகாரிக்கு நீ பிரச்சினையில்லாத ஆளாகத் தெரிய வேண்டும். புகலிட அதிகாரியிடம் உன் பிரச்சினை அத்தனையையும், யார் வந்தார், என்ன உடுத்தியிருந்தார், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் கொட்ட வேண்டும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நாளைக்குச் சொன்னால் பொய்யாகிவிடும். கேட்டியில் இத்தனை எஞ்சினியர்கள், டாக்டர்கள் இருந்தும் ஒருவருக்கும் இது தெரியாது. நாங்கள் எல்லாரும் பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் வாங்கி வந்த கூட்டம். எங்களுக்குத் தெரிந்த ஒரே கதவு அதுதான், எல்லாக் கதவும் அப்படித்தான் திறக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அந்த மேசையைச் சுற்றி அன்றைக்கு இருந்தவர்களில் இது தெரிந்த ஒரே ஆள் நீ.

இன்டர்வியூ முடிந்து வந்த அன்று அப்பா இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டார். அந்த அதிகாரி பெண் அன்பாகப் பேசினாளாம். இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்றுகூடக் கேட்டாளாம். "இவன் லைனை விட்டு எங்கயோ கிளம்பிட்டான். மேசைக்கு அடியில தொடையில ஒரு தட்டு தட்டினேன். கப்புனு புரிஞ்சுக்கிட்டான். நோ மேடம், தேங்க் யூன்னு முடிச்சுட்டான்" என்று அப்பா சொன்னபோது நாம் எல்லாரும் சிரித்தோம். தவசீலனும் சிரித்தான். நீயும் சிரித்தாய், ஆதி. அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். அடுத்த வாரம் நீ நியூ ஜெர்சிக்குத் திரும்பிவிட்டாய். அதிகாரி புகலிடம் கொடுக்கவில்லை, கேஸ் கோர்ட்டுக்குப் போனது.

கோர்ட்டில் அப்பாவும் நானும் பின்பெஞ்சில் இருந்தோம். அங்கே மொழிபெயர்க்க வேறு ஆள். தொடையில் தட்ட யாரும் இல்லாததால் தவசீலன் முழுதாகப் பேசினான். தம்பி, சட்டை, சைக்கிள் எல்லாம் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. அரசாங்கத்து வக்கீல் எழுந்து, இவ்வளவு பெரிய விஷயத்தை இன்டர்வியூவில் ஏன் சொல்லவில்லை, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு இல்லை என்றுதானே சொன்னாய் என்றார். தவசீலன் திரும்பி எங்கள் பெஞ்சைக் கைகாட்டினான். "அங்கிள் சொன்னவர், தம்பியைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டு." கோர்ட்டே திரும்பி உன் அப்பாவைப் பார்த்தது. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறவன், தம்பி கதையைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டான், நம்புவதற்கில்லை என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு, குடியேற்ற அலுவலகத்தில் வழக்கமாகக் கையெழுத்துப் போடப் போன இடத்தில் அவனைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்று உனக்குப் போன் பண்ணினேன். அழுதுகொண்டே சொன்னேன்.  இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும் என்று நீ இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு முதலில் புரியவில்லை. எப்போது தெரியும் என்றேன். அப்பா பாடம் எடுத்தபோதே தெரியும் என்றாய். அப்படியானால் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். ஆராய்ச்சியாளன் குறுக்கிட்டால் அது ஆராய்ச்சியே இல்லை, நடப்பதை நடக்கிறபடி பார்க்க வேண்டும், யுனிவர்சிட்டிக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றாய். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாய். "நோபடி ஆஸ்க்ட் மீ, அம்மா." யாரும் என்னைக் கேட்கவில்லை. அவன் உன் பெயரைச் சொல்லி, உன் முகத்தைப் பார்த்துக் கேட்டானே, அது கணக்கில் வராதா? அல்லது அவன் தமிழில் கேட்டதால் அது கேள்வி இல்லையா?

அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நீ மூன்றாவது வகுப்பில் இருந்தபோது கிளாஸில் மீன் தொட்டி உடைந்தது. உடைத்தது உன் சிநேகிதன். டீச்சர் தண்டித்தது ஓரத்தில் உட்கார்ந்திருந்த வியட்நாம் பையனை. அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் வராது, அதனால் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. நீ பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கும் இதே பதில்தான். அப்பா, "கெட்டிக்காரன், தேவையில்லாம மூக்கை நுழைக்கல" என்று உன் தலையைத் தடவினார். நான் சும்மா இருந்தேன். அந்தப் பையனைப் பற்றித்தான் இப்போது நீ டாக்டர் பட்டம் வாங்குகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. மொழி தெரியாததால் நியாயம் கிடைக்காதவன். இந்த முறையும் நீ பக்கத்தில்தான் நின்றாய், பார்த்துக்கொண்டு. வித்தியாசம் ஒன்றுதான், இந்த முறை குறிப்பெடுத்தாய்.

அறிவிப்போடு வந்த உன் நான்காவது அத்தியாயத்தைப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும் என்பது உனக்கு மறந்திருக்கலாம். நன்றாக எழுதியிருக்கிறாய், அதில் பொய் ஒன்றும் இல்லை. தவசீலனுக்கு ஒரு எழுத்து, அப்பாவுக்கு ஒரு எழுத்து. தொழில் விசாவில் வந்து குடியேறியவர்களின் அனுபவம் அகதிகளுக்கு எப்படி விஷமாகிறது என்று அப்பாவைத் துண்டு துண்டாக அறுத்து வைத்திருக்கிறாய். ஆய்வாளர் குறுக்கிடவில்லை என்று ஒரே ஒரு வாக்கியத்தில் உன்னை மட்டும் பத்திரமாகக் கரையேற்றிக்கொண்டாய். எனக்கு ஒரு எழுத்துகூட இல்லை, நான் சப்பாத்தி தேய்த்தவள். அந்த அத்தியாயத்துக்காகத்தான் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாமே. சந்தோஷம். அங்கே மில்பிடாஸில் நல்ல தோசை கிடைக்கும் என்கிறார்கள்.

இப்போது மேல்முறையீட்டை ஒரு புது வக்கீல் எடுத்திருக்கிறாள். மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பத்துச் சின்னப் பெண், கூர்மையானவள். அவள் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். இன்டர்வியூவுக்கு முன்னாலேயே தம்பி கதையை இவன் வேறு யாரிடமாவது முழுதாகச் சொல்லியிருக்கிறானா? அப்படி ஒரு ஆள் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், பிற்பாடு கட்டிய கதை என்ற தீர்ப்பு நிற்காது, கேஸைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. என் மகன் இருக்கிறான் என்றேன். அவள் உனக்கு எழுதினாள். நீ அவளுக்கு எழுதிய பதிலை அவள் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சாட்சி சொன்னால் நீ கேஸில் ஒரு ஆள் ஆகிவிடுவாயாம், பேராசிரியர்கள் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லலாமாம், ஒரு வருஷம் பின்னால் போய்விடுமாம். அதோடு பேசியவரின் ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை வேறு. டிஃபென்ஸ் முடிந்து, திருத்தமெல்லாம் போட்டு, ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு பார்க்கலாம் என்று முடித்திருந்தாய். மனு போடக் கடைசித் தேதி உன் டிஃபென்ஸ் நடக்கும் அதே வாரத்தில் வருகிறது. அதையும் அவள் உனக்கு எழுதியிருந்தாள்.

யாருடைய ரகசியம்? தவசீலனிடம் நான் போனில் சொன்னேன். "ஆதியிட்டச் சொல்லுங்கோ அம்மா, என்ர பேரை என்னவும் செய்யட்டும்" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் கடைசி. இப்போதெல்லாம் சாப்பிட்டாயா என்றால் ஓம் என்கிறான். தூங்கினாயா என்றால் இல்லை என்கிறான். வேறு ஏதாவது சொல்கிறாயா என்றால், "இல்லை அம்மா, நன்றி." கத்திரிக்காய் விலையிலிருந்து பஸ் டிரைவரின் இரண்டாவது குடும்பம்வரை போகிறவன். அப்பாவின் பாடம் இப்போதுதான் அவனுக்கு முழுசாக ஏறியிருக்கிறது.  அவனைத் திருப்பி அனுப்பிவிட்டால், அங்கே வாசலில் வந்து நிற்பவர்கள் இந்த முறை தாண்டுவதற்கு ஒரு வேலியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

அப்பா என்ன செய்தார் என்று கேட்பாய். இல்லை, கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் விசா பாடத்தை நிறுத்திவிட்டார். வக்கீலிடம் போய் உட்கார்ந்து, தான் என்ன சொல்லிக்கொடுத்தேன், எப்படித் தொடையில் தட்டினேன் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டால் இவர் பத்துப் பதில் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்டதற்கு மேல் அவர் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அது போதாது என்று வக்கீல் சொல்லிவிட்டாள். அவன் வாய் திறந்தபோதெல்லாம் அப்பா அடைத்துவிட்டார், ஆகவே அவன் கதையை அப்பா முன்பே கேட்டதாகச் சொல்ல முடியாது. எனக்குக் கண்ணாடிக் கதவு. முழுதாகக் கேட்டது நீ ஒருவன்தான், அந்த ரெக்கார்டரும் உன்னிடம்தான் இருக்கிறது. உன் நான்காவது அத்தியாயத்தை அப்பாவிடம் நான் கொடுத்துவிட்டேன். தன்னைப் பற்றிய பக்கங்களை இரண்டு முறை படித்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்றார். அதன் பிறகும் உன் படத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு வெட்கம் இல்லை. எனக்கு இருக்கிறது. உன்னைப் பெற்றதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று எழுத ஒரு தாய்க்குக் கை வராது என்பார்கள். பார், வருகிறது.

நாங்கள் இருவரும் நியூ ஜெர்சிக்கு வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அறிவிப்பின் அடியில், யார் வேண்டுமானாலும் வரலாம், ஜூமிலும் பார்க்கலாம், கடைசியில் வந்திருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்று போட்டிருக்கிறது. வக்கீல் பெண்ணுக்கு அந்த லிங்கை அனுப்பிவிட்டேன், பார்க்கிறேன், அவன் வாயால் வருவதைக் குறித்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குள் நீ எழுதிக் கொடுத்துவிட்டால் நான் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்து, எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிவிட்டு, உனக்குப் பிடித்த அதிரசத்தையும் கொடுத்துவிட்டு வருவேன். ஒரு வருஷம் போனால் போகட்டும், அந்த வருஷத்துக்கு நான் உனக்குச் சமைத்துப் போடுகிறேன். கொடுக்காவிட்டால், உன் பேராசிரியர்கள் கேட்டு முடித்த பிறகு முதல் வரிசையில் நான் எழுந்து நிற்பேன். என்னைத் தெரியும்தானே, பட்டுப்புடவையில் வருவேன். தமிழில்தான் கேட்பேன். அந்த அறையில் உன்னையும் அப்பாவையும் தவிர யாருக்கும் அது புரியாது. என் கேள்வியை நீயே இங்கிலீஷில் மொழிபெயர்த்து எல்லாருக்கும் சொல்ல வேண்டும். எதையும் விழுங்காமல் சொல்கிறாயா என்று ஜூமில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள், என் கேள்வியை அவளுக்கு நான் முன்பே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருப்பேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் கை உன் தொடைக்கு எட்டாது.

கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாடம் படித்துக்கொண்டு வா. தம்பியைக் கொண்டுபோன கதையைத் தவசீலன் உன்னிடம் சொன்னது இன்டர்வியூவுக்கு முன்பா, பின்பா? ஒரு வார்த்தை போதும். யாரும் உன்னைக் கேட்கவில்லை என்றாயே, இதோ ஊரறியக் கேட்டுவிட்டேன்.

அம்மா